பழவேற்காட்டைச் செம்பில் செதுக்கியது யார்? தெரியுமா?

பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், பூநாரையைத் தேடுவார்கள், நண்டும் இறாலும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இந்தத் திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையை 350 ஆண்டுகளுக்கு முன்பே ஆம்ஸ்டர்டாமில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள் என்பது தெரியுமா?

1613ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கட்டிய கோட்டைக்குப் பெயர் கெல்ட்ரியா. சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள்! இன்று மிஞ்சியிருப்பது புதர் மண்டிய இடிபாடு மட்டும். கோட்டையின் பழைய கோலத்தைக் காட்டும் அரிய சாட்சி எது? பழைய அச்சுப்படங்கள்!

அவற்றில் புகழ்பெற்றவை பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற டச்சுப் பாதிரியாரின் நூலில் உள்ளன. யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவர். மலபார், சோழமண்டலம், இலங்கை மூன்றையும் விவரிக்கும் அவருடைய பெருநூல் 1672ல் வெளிவந்தது. அதில் தமிழ் எழுத்துகளே செப்புத் தகட்டில் செதுக்கி அச்சாகியுள்ளன! தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். நம் ‘ழ’வை அப்படிச் செதுக்கிப் பாருங்கள், கை வலிக்கும்!

படம் வரைந்தவர் யார்? இங்கேதான் புதிர்! இத்தகைய பயண நூல்களில் ஊரைப் பார்த்து வரைந்தவர் ஒருவர், தகட்டில் செதுக்கியவர் இன்னொருவர், வெளியிட்டவர் மூன்றாமவர். படத்தின் அடியில், இடது மூலையில் பெரும்பாலும் வரைந்தவர் பெயரும் வலது மூலையில் செதுக்கியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டுமே இல்லாத படங்கள் எத்தனையோ!

இரண்டு அச்சுகளில் ஒரே காட்சி, ஆனால் கோட்டை இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக்குத் தாவியிருக்கிறதா? உஷார்! அச்சான படத்தைப் பார்த்து அப்படியே இன்னொரு தகட்டில் செதுக்கினால், அடுத்த அச்சு கண்ணாடி பிம்பமாகத் திரும்பிவிடும். அந்தக் காலத்துப் பல பிரதிகள் மாட்டிக்கொண்டது இப்படித்தான்! நகலெடுத்தவர் கெட்டிக்காரராக இருந்தால் முதலிலேயே திருப்பிச் செதுக்கியிருப்பார். அப்போது அளவையும் கோடுகளையும் மூலத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும்.

ஓவிய மாமேதை ரெம்ப்ராண்டே இதில் சறுக்கினார் என்றால் நம்புவீர்களா? 1650ல் அவர் இந்து, பசிபிக் கடல்களில் வாழும் ஒரு கூம்புச் சங்கை அமிலச் செதுக்கலாக வரைந்தார். அச்சில் சங்கின் சுழி எதிர்த்திசையில் திரும்பிவிட்டது! கையெழுத்து மட்டும் சரியாக விழுந்திருக்கிறது! ஒரு சங்கும் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது.

அமிலச் செதுக்கலில் கலைஞர் செம்பை வெட்டுவதே இல்லை, தெரியுமா? தகட்டில் மெழுகுப் பூச்சு, அதன்மேல் ஊசியால் கீறல், பிறகு அமிலக் குளியல். செம்பைத் தின்பது அமிலம்தான்! பூதக்கண்ணாடியில் அந்தக் கோட்டு முனைகள் மழுங்கித் தெரியும். உளியால் வெட்டிய கோடோ கூராக மெலிந்து முடியும். இரண்டும் இல்லாமல் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றனவா? அது நம் காலத்து அச்சு, விலை படச்சட்டத்துக்குத்தான்!

தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். ரூபாய் நோட்டில் தெரிவதுபோல் நீர்க்குறி தெரியலாம். பழைய தாளில் இணைகோடுகளும் தெரியும். கோடே இல்லாத வழவழப்பான தாள் ஐரோப்பிய நூலச்சுக்கு வந்ததே 1757 வாக்கில்தான். ‘1672 அச்சு’ என்று ஒருவர் அந்தத் தாளை நீட்டினால், நம்ப வேண்டாம்!

படத்திலுள்ள கப்பலின் கொடியும் துப்பு சொல்லும்! பிரிட்டிஷ் கொடியில் சாய்ந்த சிவப்புச் சிலுவை சேர்ந்தது 1801ல். அது தெரிந்தால் படம் அதற்கு முந்தையது அல்ல! ரெய்னியர் நோம்ஸ் என்ற டச்சு ஓவியர் தன் கப்பல் படங்களில் ‘கடலோடி’ என்ற பொருளுள்ள பட்டப்பெயரையே போட்டார். எல்லோரும் அப்படித் துப்பு விட்டுப்போகவில்லையே!

விலையை நிர்ணயிப்பது வயது மட்டுமா? இல்லவே இல்லை! தகடு தேயத் தேயக் கோடு வெளிறும்; எனவே ஆழ்ந்த கறுப்போடு நிற்கும் ஆரம்ப அச்சுக்கே மவுசு. தகடு அழுத்திய தடம் தாளின் நான்கு பக்கமும் இருந்தால் மதிப்பு கூடும். நடுவில் பழைய மடிப்பு இருக்கிறதா? பதற வேண்டாம், நூலிலிருந்து பிரித்த தாள் என்பதற்கு அதுவே அடையாளம்!

வெளிநாட்டில் விற்கலாம் என்று நினைக்கிறீர்களா? 1972ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, தெரியுமா?

அப்படியொரு பழைய அச்சுப்படம் உங்கள் வீட்டில் இருந்தால் ஓரத்தை வெட்டாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள்! ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் தன் அச்சுப்படங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. முதலில் அங்கே ஒப்பிட்டுப் பாருங்கள், விற்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்!