ஒருவர் செலவு, இன்னொருவர் கூலி

டீயைக் குடியுங்கள் அண்ணாச்சி, சொல்கிறேன். நாட்டின் வளர்ச்சி குறைந்ததற்கும் கோவில்பட்டியில் உங்கள் கடை வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்டீர்கள்?

2018 ஏப்ரல்–ஜூனில் 8 விழுக்காடாக இருந்த வளர்ச்சி, மறுவருஷம் அதே மாதங்களில் 5 என்று முதல் கணக்கு வந்தது. உற்பத்தி சுருங்கவில்லை, 100 ரூபாய்க்கு நடந்தது 108 ஆவதற்குப் பதில் 105 ஆனது. ஆனால் குடும்பங்களின் செலவு 3.1 விழுக்காடுதான் கூடியது. நாட்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் குடும்பங்கள் செய்யும் செலவுதானே! அந்த ஆகஸ்டில், ஐந்து ரூபாய் பிஸ்கட்கூட நகராததால் 10,000 பேர்வரை வேலை இழக்கலாம் என்றது பார்லே நிறுவனம்.

ஐந்து ரூபாய்க்கு ஏன் யோசனை? நம் கரிசலைப் பாருங்கள். மானாவாரிக் காடு. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தை, மாசியில் வீடு வந்தால்தான் காசு. மற்ற மாதங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கூலியும் நூறு நாள் வேலையும். விலைவாசி ஏறுகிற வேகத்தில் கூலி ஏறாவிட்டால், அரிசி, படிப்பு, வைத்தியம் போக மிச்சம் ஏது? முதலில் புதுத்துணி தள்ளிப்போகும். துணிக்கடையில் வேலைபார்க்கும் பெண்ணுக்குச் சம்பளம் குறையும். அவள் உங்களிடம் வாங்கும் கடலைமிட்டாயும் குறையும். ஒரு வீட்டுக்குச் சிக்கனம் நல்லது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் செலவை இறுக்கினால் ஊருக்கே வேலை குறைகிறது. கூலி ஏன் வேகமாக ஏறாது என்கிறீர்களா? ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 2007 முதல் 2021 கடைசிவரை அதே விலையில் நின்றது. செய்கிறவருக்கு லாபம் ஒடுங்கினால் கூலியைத் தாராளமாக உயர்த்த ஏது இடம்?

2019 செப்டம்பரில், முதலீடு பெருகட்டும் என்று, மற்றச் சலுகைகள் கோராத பெரிய கம்பெனிகளுக்கு வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆனது. வாங்க ஆளில்லாதபோது யார் புது மெஷின் போடுவார்? அந்த நிதியாண்டு வளர்ச்சி 4 விழுக்காட்டை ஒட்டியே முடிந்தது.

2024 ஜூலை–செப்டம்பரில் மறுபடி வேகம் குறைந்து 5.4 என்றது முதல் கணக்கு. 2025 பட்ஜெட்டில், 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியில்லை என்றார்கள். அந்தச் சலுகை வரி கட்டும் அளவு சம்பாதிப்பவருக்குத்தான். அதே வருஷம் செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 ஆனது. இது கூலிக்காரர் வீடுவரை வரும், வரவேற்கிறேன். ஆனாலும் கையில் காசிருந்தால்தானே விலைக்குறைப்பு உதவும்? கூடுதலாக நூறு ரூபாய் கிடைத்தால் வசதியானவர் வங்கியில் போடுவார். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா அன்றைக்கே உங்கள் கடைக்கு வருவார். அதனால்தான் சொல்கிறேன்: வளர்ச்சியைத் தூக்க நினைப்பவர்கள் முதலில் அவர் கூலியை உயர்த்த வழி பார்க்கட்டும்.