ஊரே மூழ்கியது, நோயாளிகளின் குறிப்பு தப்பியது!

2005-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந்தேதி. திங்கட்கிழமை.

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரை "கத்ரீனா" என்ற பெரும் புயல் தாக்கியது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கரைகள் உடைந்தன. நகரத்தில் 100-க்கு 80 பங்கு தண்ணீரில் மூழ்கியது.

பிழைத்தவர்கள் உடுத்திய துணியோடு வெளியூர்களுக்குப் போனார்கள். அவர்களில் சர்க்கரை நோயாளிகள் உண்டு. இருதய நோயாளிகள் உண்டு. புற்றுநோய்க்குப் பாதி சிகிச்சை முடித்தவர்களும் உண்டு.

புது ஊரில், புது டாக்டர் முதலில் என்ன கேட்பார்? "இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்றுதான் கேட்பார். மாத்திரையின் நிறத்தைச் சொல்லலாம். பெயரைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? (நம் வீட்டுப் பாட்டியும் "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை" என்றுதான் சொல்வார்!)

பழைய டாக்டரிடம் கேட்கலாம் என்றால், அவரும் ஊரை விட்டுப் போய்விட்டார். அவர் எழுதி வைத்த காகிதங்கள் வெள்ளத்தில் ஊறிக் கிடந்தன.

ஆனால், ஒரு கூட்டத்தாருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர்கள், முன்னாள் ராணுவத்தினர்!

நாடாவில் வந்த விவரம்

முன்னாள் ராணுவத்தினருக்கு என்றே அமெரிக்க அரசு நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகள் நடத்துகிறது. நியூ ஆர்லியன்சிலும் ஒன்று இருந்தது. வெள்ளம் அதையும் சூழ்ந்தது. ஆனால், அங்கே நோயாளிகளின் விவரம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் நகலைப் பதிவு செய்த நாடாக்களை ஊழியர்கள் வெளியே எடுத்து, சுமார் 550 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஹூஸ்டன் நகருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

சில நாட்களில் எல்லாம் திரும்பக் கிடைத்தது! எந்த மருந்து, எத்தனை வேளை, எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, போன மாதம் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் டாக்டரின் கண் முன்னே வந்து நின்றது. எடுத்த சோதனையையே மறுபடியும் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கிறுக்கல் எழுத்தைப் பார்த்து விழிக்கவும் வேண்டாம்.

அந்தப் பகுதியில் 39 ஆயிரத்து 910 பேர் சிகிச்சை பெற்று வந்தார்கள். செப்டம்பர் மாதத்தில் மட்டும் அவர்களில் 14 ஆயிரத்து 941 பேருடைய குறிப்பை டாக்டர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 48 மாநிலங்களில் இருந்து பார்த்தார்கள் என்றால், மக்கள் எவ்வளவு தூரம் சிதறிப் போனார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒளிந்து செய்த வேலை

இந்த ஏற்பாட்டை மேலதிகாரிகள் உத்தரவு போட்டு உண்டாக்கவில்லை. 1970-களின் கடைசியில், இந்த ஆஸ்பத்திரிகளில் இருந்த சில கம்ப்யூட்டர் நிபுணர்கள், டாக்டர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, திருட்டுத்தனமாகச் செய்தார்கள்! தலைமை அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. வேலை இழந்தவர்களும் உண்டு. கட்டிட வேலைக்காரர்கள் அணியும் கெட்டித் தொப்பியின் பெயரைத் தங்கள் கூட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 1982-ல்தான் அரசு அவர்கள் வேலையை ஏற்றுக்கொண்டது.

கார் தந்த யோசனை

டொபீகா நகர ஆஸ்பத்திரியில் சூ கின்னிக் என்று ஒரு நர்சு. 1992-ல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஊழியர் ஒரு சிறு கருவியைக் காரில் இருந்த கோடுகள் மேல் காட்டினார். அவ்வளவுதான், விவரம் எல்லாம் பதிவாகிவிட்டது. காருக்குச் செய்வதை நோயாளிக்கும் மருந்துக்கும் ஏன் செய்யக் கூடாது என்று நர்சுக்குத் தோன்றியது.

இன்று நோயாளியின் கையில் ஒரு பட்டை. மருந்துப் பொட்டலத்தின் மேல் கோடுகள். இரண்டிலும் கருவியைக் காட்டுகிறார் நர்சு. ஆள் மாறினாலோ, மருந்து மாறினாலோ, நேரம் தப்பினாலோ கம்ப்யூட்டர் எச்சரிக்கிறது. இரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நர்சுக்கு இதைவிட நல்ல துணை எது?

எந்திரமும் தவறும்

எந்திரமும் சில சமயம் ஏமாற்றும். இதே ஆஸ்பத்திரிகள் பழைய முறையை விட்டுப் புதிய முறைக்கு மாறத் தொடங்கின. 2020-ம் ஆண்டு அக்டோபரில் ஸ்போக்கேன் நகரில் முதலில் மாற்றினார்கள். டாக்டர்கள் "இந்தச் சோதனை எடு", "அந்த நிபுணரைப் பார்க்கச் சொல்" என்று கம்ப்யூட்டரில் கொடுத்த 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உத்தரவுகள் போய்ச் சேரவே இல்லை. யாரும் பார்க்காத ஒரு மூலையில் தேங்கிக் கிடந்தன! டாக்டருக்கும் தெரியவில்லை, நோயாளிக்கும் தெரியவில்லை. பலருக்குக் கெடுதல் நேர்ந்தது என்று 2022-ல் அரசின் விசாரணை அறிக்கையே கூறியது. 2023-ல் மற்ற ஊர்களில் மாற்றும் வேலையை நிறுத்தி வைத்தார்கள்.

காகிதத்தில் எழுதிய உத்தரவும் தொலைவது உண்டு.

நியூ ஆர்லியன்சில் முன்னாள் ராணுவத்தினருக்குப் புதிய ஆஸ்பத்திரி 2016-ல் திறக்கப்பட்டது. முக்கியமான பிரிவுகளையும் எந்திரங்களையும் தரையோடு வைக்கவில்லை. எல்லாவற்றையும் வெள்ளம் எட்டாத உயரத்தில், மாடியில் வைத்திருக்கிறார்கள்.