கயிற்றின் மறுமுனை

முத்துச்சிப்பி எடுக்க அரசு மேற்பார்வையில் தூத்துக்குடிக் கடலில் தோணிகள் இறங்கிய கடைசி ஆண்டு 1961. அதன்பின் சிப்பி வளரும் கடலடிப் பார்களில் முத்துக்குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1973-இல், இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார். கடலில் மூழ்கி எடுக்கும் குளியாளிக்குச் சங்கு மட்டும் மிஞ்சியது. இந்தக் கடலை உள்ளடக்கிய மன்னார் வளைகுடாவின் மேல் இன்று கடற்படையும் கடலோரக் காவல்படையும் ஹெலிகாப்டர் ஓட்டுகின்றன. ராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் 1982 முதல் சிறு பிரிவாக இருந்த கடற்படை விமானத்தளம், 2009 மார்ச்சில் ஐ.என்.எஸ். பருந்து என்று முழுத்தளமானது.

தண்ணீருக்குள் போனவரையும் தண்ணீருக்குமேல் பறப்பவரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு தொழிலுக்கும் மூச்சும் கயிறும்தான் ஆதாரம்.

குளியாளி கல்லில் கால் வைத்து, ஒரு கையால் மூக்கை அழுத்திக்கொண்டு இறங்குவார். பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழம். கல்லின் கனம் அவரைத் தரைக்குக் கொண்டுபோகும். அங்கே கிடைக்கும் நேரம் ஒரு நிமிடத்தை ஒட்டியது. அதற்குள் சிப்பியைத் தடவி எடுத்துக் கூடையில் போட்டுக் கயிற்றை இழுத்து உணர்த்த வேண்டும். தோணியில் இருப்பவர் அந்த இழுப்பைக் கையால் படித்துத் தூக்குவார். கயிறு பிடிக்க மனைவியின் சகோதரனையே வைத்துக்கொள்வார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு: தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்கும் சிப்பியில் பங்கு இருந்தது. அவர் கரையில் நின்று ஓதாமல் கடலில் இறங்க ஆட்கள் மறுத்தார்கள்; அரசே அவருக்குப் பங்கு ஒதுக்கியது. பயத்தை அடக்கும் வேலைக்கும் கூலி உண்டு என்பதை அன்றைய நிர்வாகம் ஏற்றுக்கொண்டிருந்தது.

இன்றைய விமானிக்குப் பயத்தை அடக்கக் கற்றுத்தரும் இடம் ஒரு நீச்சல்குளம். ஹெலிகாப்டரின் எஞ்சினும் கியர்பெட்டியும் கூரைமேல் இருப்பதால், கடலில் விழுந்தால் அது பெரும்பாலும் தலைகீழாகக் கவிழும். அதனால் ஹெலிகாப்டர் அறையைப் போலச் செய்த கூண்டில் ஆட்களைப் பெல்ட்டால் கட்டிவைத்து, கிரேனால் தண்ணீருக்குள் இறக்கிக் கவிழ்க்கிறார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. ஒரு கை ஜன்னல் சட்டத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கைதான் வெளிவாசல் எந்தப்பக்கம் என்று சொல்லும். கூண்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்து, ஜன்னலைத் தள்ளி, அதன்பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். முதலில் பெல்ட்டைக் கழற்றியவர் மிதந்து திசை தவறிவிடுவார். குளியாளியின் பிள்ளை அப்பாவோடு தோணியில் போய்ப் பழகிய மூச்சடக்கத்தை, இங்கே சான்றிதழ் கொடுத்துக் கற்பிக்கிறார்கள். சான்றிதழுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. மீண்டும் வந்து கவிழ வேண்டும்.

தூத்துக்குடிக்கு எதிரே எண்ணெய்க் கிணறுகள் இல்லை. எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பறப்பு மும்பைக் கடலிலும் காக்கிநாடாப் பக்கமும் நடக்கிறது. அதற்கென்றே 1985-இல் பவன் ஹன்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் கடலில் பறப்பவர்களின் வேலை ரோந்தும் மீட்பும்தான். அதில் பழைய ஹெலிகாப்டர் சேத்தக். பிரான்சின் அலூவெட் 3-ஐ அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். 1965 முதல் இங்கே கட்டியது. ஒரே எஞ்சின், தானியங்கிப் பறப்பு கிடையாது. இடது கை ஏற்ற இறக்கத்துக்கு, வலது கை திசைக்கு, இரு கால்கள் வால் திரும்புவதற்கு. கடல்மேல் ஓரிடத்தில் அசையாமல் நிற்கவைப்பது இதில் கடினமான பாடம்; கீழே மரமில்லை, வீடில்லை. இறக்கைக் காற்று கிளப்பும் நீர்த்துளிகள் வெளிப்பக்கமாக ஓட, நாம்தான் நகர்கிறோம் என்று கண் ஏமாறும். அந்த ஏமாற்றத்தைக் கைகள் நம்பாமலிருக்கப் பல நூறு மணி நேரம் பறக்க வேண்டியிருந்தது. இரவில் கடல்மேல் சேத்தக்கை நம்பி ஆளைத் தூக்க இயலாது.

இப்போதைய ஹெலிகாப்டரான துருவ் மார்க் 3-இல் 'சக்தி' என்ற பெயருடைய இரண்டு எஞ்சின்கள், ரேடார், இருட்டில் உடல்வெப்பத்தைக் காட்டும் கேமரா, விமானி கை தொடாமலே ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் தானியங்கி எல்லாம் உண்டு. சுற்று முள் கடிகாரங்கள் இருந்த இடத்தில் கண்ணாடித் திரைகள். 2021 ஏப்ரலில் கோவாவிலும் 2022 ஜூலையில் விசாகப்பட்டினத்திலும் கடற்படை இதற்கென அணிகளைத் தொடங்கியது. சேத்தக்கில் கைக்குப் போன கவனமெல்லாம் இங்கே திரையைக் கண்காணிக்கப் போகிறது. இது எளிதான வேலை அல்ல. 2013 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவருகே எண்ணெய் மேடையிலிருந்து திரும்பிய சூப்பர் பியூமா ஹெலிகாப்டர் கடலில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். தானியங்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது வேகம் குறைந்ததை விமானிகள் சரிவரக் கவனிக்கவில்லை என்றது விசாரணை. கையில் இருந்த திறமை கண்ணுக்கு இடம் மாறும்போது நடுவில் ஏதோ ஒன்று விடுபட்டுப் போகிறது. அந்த இழப்பைத் திரைகளின் கணக்கில் நான் தேடிப்பார்த்திருக்கிறேன். அது அங்கே காட்டப்படுவதில்லை.

கயிறு மட்டும் பெரிதாக மாறவில்லை. துருவின் கதவோரம் எஃகுக் கம்பி சுற்றிய வின்ச் இருக்கிறது. விசைப்படகுக்காரர்களுக்குப் பழக்கமான சொல்தான். தனக்கு நேர் கீழே தொங்குபவரை விமானியால் பார்க்க முடியாது. கதவருகே குனிந்து எட்டிப் பார்க்கும் வின்ச்காரர் ஹெட்போனில் சொல்கிறார்: முன்னே ஐந்து, வலமாக இரண்டு, அப்படியே. அவருடைய குரலே விமானியின் கண். பறக்கும்போது ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் ஏறியிருப்பதால், கொக்கி முதலில் கடலைத் தொட வேண்டும். அதற்குமுன் கீழே இருப்பவர் ஆவலில் எட்டிப் பிடித்தால் அடிவாங்குவார். கம்பி எதிலாவது சிக்கி இயந்திரத்தையே இழுத்தால் அதைத் துண்டிக்கும் வசதியும் உண்டு. தோணியில் கயிறு பிடித்த மைத்துனருக்கு அந்த முடிவை எடுக்கும் நிலை வந்ததில்லை.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரை மூழ்க, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பயணிகள் நிலையத்தில் அடைபட்டார்கள். அப்போது வானிலிருந்து உணவு இறங்கியது, சிலர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். கடலுக்கென்று பழகியவர்களும் அந்த நாட்களில் நிலத்தின்மேல் பறந்தார்கள். அன்று வானம் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழிலின் பயனை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விலையும் இருக்கிறது. 2024 செப்டம்பர் 2 இரவு போர்பந்தருக்கு அப்பால், ஹரி லீலா என்ற எண்ணெய்க் கப்பலில் காயம்பட்டவரை மீட்கப் போன கடலோரக் காவல்படையின் துருவ் கடலில் விழுந்தது. நால்வரில் ஒருவர்தான் பிழைத்தார். நான்கே மாதத்தில், 2025 ஜனவரி 5-இல், அதே போர்பந்தரில் இன்னொரு துருவ் விழுந்து மூன்று பேர் போனார்கள். அதன்பின் நாடு முழுவதும் இந்த வகை தரையில் நிறுத்தப்பட்டது. நம் சங்குக்குளிக்காரர்களின் மரணங்களோ இவ்வளவு பேசப்பட்டதில்லை. தூத்துக்குடியின் திரேஸ்புரத்துச் சங்கு குளிப்பில் இன்று கம்ப்ரசர் குழாய்வழிக் காற்று. மூச்சு நீண்டது, கூடவே வாதமும் மூட்டுவலியும் வந்தன. அவர்களுக்கு நீச்சல்குளப் பயிற்சியும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை.

குளிப்புத் தொழிலில் பெண்கள் தோணி ஏறியதில்லை. 2024 ஜூன் 7-இல் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் பயிற்சி முடித்த அனாமிகா ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியானார். அவர் பழகிய பள்ளியில் இன்றும் முதல் பாடம் சேத்தக்கில்தான் என்பதில் எனக்கு நிறைவு. திரைக்கு முன் கைகள் பழகட்டும்.

குளியாளியின் வித்தைக்குக் கட்டணம் இருந்ததில்லை, குலம்தான் நுழைவுச்சீட்டு. இன்று குலம் கேட்பதில்லை, பணம் கேட்கிறார்கள். தனியார் வழியில் வணிக ஹெலிகாப்டர் உரிமத்துக்கு 150 மணி நேரப் பறப்பு வேண்டும். அது பல லட்சம். படைவழியில் அதிகாரியாகத் தேர்வானால் அந்தச் செலவு அரசுடையது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், பழுதில்லாத கண்ணும் வேண்டும். திரேஸ்புரத்துப் பிள்ளைக்கு அரக்கோணம் தூரமில்லை: முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, சென்னையிலிருந்து மின்சார ரயிலில் கொஞ்ச நேரம்.