உதட்டின் கீழ் ஒரு சிறுபை

விளக்கில் இட்ட எண்ணெய் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒருவர் கேட்டால், விளக்கின் அளவையும் திரியின் பருமனையும் காற்றின் வேகத்தையும் அறிந்த பின்னரே விடை கூறல் இயலும். ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்க நாடுகளிலும் அண்மைக் காலத்திற் பெரிதும் பரவியுள்ள நிக்கொற்றீன் சிறுபையைப் பற்றியும் இத்தகைய கேள்வியே எழுகின்றது. அச்சிறுபை எவ்வளவு நேரம் நிற்கும்? கேட்போர் பெரும்பாலும் அதனை வாயில் வைத்திருக்கும் நேரத்தையே கருதுகின்றனர். ஆயின், வாயில் நிற்கும் காலம் ஒன்று. குருதியில் நிற்கும் காலம் வேறொன்று. பேணியிற் கெடாது நிற்கும் காலம் மற்றொன்று. பழக்கமாக மனிதரைப் பற்றி நிற்கும் காலம் இவையெல்லாவற்றிலும் நீண்டது. இந்நான்கையும் பிரித்தறியாமையாற் பல தவறுகள் நேர்கின்றன. அவற்றுட் சில சிறு பிள்ளைகளின் உயிருக்கே இடர் விளைப்பன.

முதற்கண், அச்சிறுபை யாது என்பதை அறிதல் வேண்டும். சுவீடன் நாட்டவர் நெடுங்காலமாக ஈரமான புகையிலைத் தூளை மேலுதட்டின் கீழ் அடக்கி வைக்கும் வழக்கம் உடையவர். இதனை அவர்கள் சுனூஸ் என்பர். 1970ஆம் ஆண்டுகளில் இத்தூளைச் சிறு பைகளில் அடைத்து விற்கும் முறை அங்கே தோன்றியது. ஐரோப்பிய சமூகம் 1992இல் இதன் விற்பனையைத் தடை செய்தது. 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்த சுவீடனுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இப்பழைய வழக்கத்தின் வழிவந்ததே இன்றைய நிக்கொற்றீன் சிறுபை. இதிற் புகையிலை இலை இல்லை. தாவர நார்த் தூள், நிக்கொற்றீன், இனிப்பு, புதினா முதலிய வாசனைப் பொருள்கள், உப்பு, சிறிதளவு காரப்பொருள் ஆகியவை ஒரு மெல்லிய வெண்ணிறப் பையினுள் அடைக்கப்பட்டிருக்கும். மெல்லவோ விழுங்கவோ வேண்டுவதில்லை. மேலுதட்டிற்கும் முரசிற்கும் இடையே அதனை வைத்துவிட்டால், உமிழ்நீர் உட்புகுந்து நிக்கொற்றீனைக் கரைக்கும். கரைந்த நிக்கொற்றீன் வாயின் மென்தோலூடே குருதியை அடையும்.

பொதுவாக ஒரு சிறுபையை இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வாயில் வைத்திருப்பர். இக்கால வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல.

முதலாவது காரணம் அளவு. ஒரு பையில் இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம் நிக்கொற்றீன் உள்ளனவும் உண்டு. இருபது மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ளனவும் உண்டு. இரண்டாவது காரணம் ஈரம். ஈரமுள்ள பை வைத்தவுடனே விடுவிக்கத் தொடங்கும். உலர்ந்த பை முதலில் உமிழ்நீரை உறிஞ்சிக்கொள்ள வேண்டும்; ஆதலின் மெல்லத் தொடங்கி நெடுநேரம் நிற்கும். மூன்றாவது, உமிழ்நீரின் அளவும் அதன் ஓட்டமும். வாய் உலர்ந்தவரிடத்துப் பை மெல்லக் கரையும். நாவினாற் பையை அடிக்கடி அசைப்பவரிடத்தும் அதனை மெல்லுபவரிடத்தும் விரைவிற் கரையும். ஆனால் இவ்விரைவினால் அவர் பெறும் பயன் குறைவு. மிகுதியாக ஊறிய உமிழ்நீரை விழுங்குவதால் நிக்கொற்றீனின் ஒரு பகுதி வயிற்றைச் சேர்கின்றது. அங்கிருந்து அது முதலில் ஈரலுக்குச் செல்ல, ஈரல் அதன் பெரும்பகுதியை உடலுக்கு எட்டுமுன்னரே மாற்றிவிடுகின்றது. விழுங்கியவருக்கு எஞ்சுவது விக்கலும் குமட்டலும் நெஞ்செரிவுமே.

நான்காவது காரணமே மிகவும் முக்கியமானது. அது காரத்தன்மை பற்றியது. இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துப் பாட்டிமாருக்குப் பாடநூல் வேண்டுவதில்லை. வெற்றிலையோடு புகையிலையை மெல்லும்போது சுண்ணாம்பு குறைந்தால் புகையிலை 'ஏறாது' என்பதும், சுண்ணாம்பு மிகுந்தால் தலை சுற்றும் என்பதும் அவர்கள் பட்டறிவால் அறிந்தவை. இதன் காரணத்தை இரசாயனம் விளக்குகின்றது. நிக்கொற்றீன் இருவகை நிலைகளில் இருக்கும். அமிலம் உள்ள இடத்தில் அது மின்னேற்றம் பெற்று வாயின் மென்தோலை எளிதிற் கடக்க மாட்டாது நிற்கும். காரம் உள்ள இடத்திலோ மின்னேற்றம் அற்றுக் கட்டவிழ்ந்து எளிதிற் கடக்கும். பீஎச் பெறுமானம் 7 ஆக இருக்கும்போது பத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு நிக்கொற்றீனே இவ்வாறு கட்டவிழ்ந்த நிலையில் உள்ளது. பெறுமானம் 8 ஆகும்போது ஏறக்குறையப் பாதியும், 9 ஆகும்போது பத்தில் ஒன்பது பங்கும் அந்நிலையை அடைகின்றன. சிறுபையிற் சோடியம் காபனேற்று போன்ற காரப்பொருளைச் சேர்ப்பதன் நோக்கம் இதுவே. ஆகவே, பேணியின் மேல் ஒரே மில்லிகிராம் அளவு பொறிக்கப்பட்ட இரு பைகள், காரத்தன்மை வேறுபடுவதால், ஒன்று மென்மையாகவும் மற்றொன்று கடுமையாகவும் தாக்குதல் கூடும்.

இவ்வுண்மையை மருத்துவ நோக்கிற்கு முதலிற் பயன்படுத்தியவர்களும் சுவீடன் நாட்டவரே. நீர்மூழ்கிக் கப்பலிற் புகைத்தல் இயலாது. அங்கே பணி புரிந்தோர் வாய்ப் புகையிலையினால் அமைதி கொள்வதைக் கண்ட செய்தி 1967ஆம் ஆண்டின் இறுதியில் ஓவே பேர்ணோ என்னும் மருந்து ஆய்வாளருக்கு எட்டியது. அவர் புகைத்தலைக் கைவிட விரும்புவோர்க்கு நிக்கொற்றீன் கலந்த மெல்லும் பசையை ஆக்கினார். அப்பசையிலும் காரப்பொருள் சேர்க்கப்பட்டது. சுவிற்சர்லாந்து 1978இல் அதனை மருந்தாக ஏற்றது. கோப்பி, சோடா, பழச்சாறு ஆகியவை வாயை அமிலமாக்கி நிக்கொற்றீன் உட்செல்வதைக் குறைக்கும் என்பது பின்னர் அப்பசையை ஆராய்ந்தபோது தெளிவாயிற்று. சிறுபைக்கும் இவ்விதியே பொருந்தும். கோப்பி அருந்தியவுடன் பையை வைப்பவர், 'இது வேலை செய்யவில்லை' என்று கருதி இரண்டாவது பையையும் வைப்பர். வாயின் அமிலம் நீங்கியபின் இரண்டும் சேர்ந்து தாக்கும்.

இதைப் போன்றதொரு மயக்கம் சுவையினாலும் நேர்கின்றது. புதினாவின் குளிர்ச்சியும் இனிப்பும் நிக்கொற்றீனுக்கு முன்னரே தணிந்துவிடும். சுவை போயிற்று, ஆகவே சத்தும் போயிற்று என்று எண்ணிப் பையை எறிந்து மற்றொன்றை எடுப்போர் பலர். உண்மை அவ்வாறன்று. ஒரு மணி நேரம் வாயில் இருந்த பையை எடுத்து ஆராய்ந்தபோதும், அதில் முன்பிருந்த நிக்கொற்றீனின் ஏறக்குறையப் பாதியே வெளியேறியிருந்தது. மற்றைப் பாதி பையினுள்ளேயே தங்கியிருந்தது.

இச்செய்தியைப் பெற்றோர் மனத்திற் பதித்தல் வேண்டும். பயன்படுத்தியவர் குப்பை என்று எறிந்த பை குப்பையன்று. நஞ்சு எஞ்சியுள்ள பொதி. இனிப்பும் நறுமணமும் உடைய அவ்வெண்ணிறப் பொதியைத் தரையிற் கண்ட குழந்தை மிட்டாய் என்று எண்ணி வாயிலிடுதல் இயல்பே. வளர்ந்தவர் தாங்கும் அளவு சிறு குழந்தைக்குப் பெரும் அளவாகும். வாந்தி, வெளிறிய முகம், மிகுந்த உமிழ்நீர், நடுக்கம் என்பன முதலிற் தோன்றும். அளவு மிகின் வலிப்பும் மூச்சுத் தடையும் தொடரும். இத்தகைய நிலையிற் காத்திருத்தல் தகாது. குழந்தையின் வாயில் எஞ்சியதை அகற்றி, வலிந்து வாந்தி எடுப்பிக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். பேணியின் மூடியிற் பயன்படுத்திய பைகளை இடுவதற்கென ஒரு சிறு அறை அமைந்திருப்பதுண்டு. அதனைப் பயன்படுத்துவதும், பேணியைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுவதும் பெரியோரின் கடமை.

இனி, குருதியில் நிற்கும் காலத்தைக் காண்போர் வியப்படைவர். சிகரெற்றுப் புகையின் நிக்கொற்றீன் சில விநாடிகளில் மூளையை அடைகின்றது. சிறுபையின் நிக்கொற்றீனோ மெல்ல ஏறி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் உச்சத்தை அடையும். பையை எடுத்தெறிந்தவுடன் அது மறைந்துவிடுவதில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மாலை ஆறு மணிக்குக் குருதியில் எட்டுப் பங்கு இருந்ததாயின், எட்டு மணிக்கு நான்கு பங்கும், பத்து மணிக்கு இரண்டு பங்கும், நள்ளிரவில் ஒரு பங்கும் எஞ்சும். ஆகவே, மணிக்கு ஒரு பை வைப்பவரின் உடலில் முன்னதன் எச்சத்தின் மேற் பின்னது ஏறி, முதற் சில மணி நேரம் அளவு பெருகிப் பின்னர் ஓர் உயர்ந்த மட்டத்தில் நிற்கும். இரவில் உறக்கம் வராமைக்குக் காரணம் தேடுவோர் இக்கணக்கைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று. ஈரல் நிக்கொற்றீனைக் கொற்றினீன் என்னும் பொருளாக மாற்றுகின்றது. அக்கொற்றினீன் பாதியாகக் குறையப் பதினாறு மணி நேரம் அளவிற் செல்லும். ஆதலின் சோதனையிற் சில நாள்கள் வரை அது வெளிப்படும்.

இவ்வேகமும் எல்லோர்க்கும் ஒன்றன்று. ஈரலில் உள்ள நொதியம் பிறப்பிலேயே சிலரிடத்து விரைவாகவும் சிலரிடத்து மந்தமாகவும் தொழிற்படும். பொதுவாக ஆண்களிலும் பெண்களிடத்து விரைவு மிகுதி. கருவுற்ற காலத்தில் அது மேலும் மிகும். ஆயினும் கருவுற்ற தாய்க்கு இது பாதுகாப்பு ஆகாது. நிக்கொற்றீன் கருவையும் சென்று தாக்குவதால், அக்காலத்தில் அதனை அறவே ஒழித்தல் வேண்டும்.

பேணியில் நிற்கும் காலம் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். மூடிய பேணி பெரும்பாலும் ஓராண்டு வரை தன்மை கெடாதிருக்கும். வெப்பமும் காற்றும் ஒளியும் அதன் பகைகள். திறந்த பேணியில் ஈரம் வற்றும், வாசனை அகலும், நிக்கொற்றீன் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லச் சிதைந்து நிறம் மாறும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியினுள் வைத்த பேணி விரைவிற் கெடும். ஆனால் சுவை கெட்ட பேணியும் நச்சுத்தன்மை அற்றதாகிவிடுவதில்லை.

எஞ்சியிருப்பது பழக்கத்தின் காலம். புகையும் புகையிலை இலையும் இல்லாமையால், சிகரெற்றிலும் இதனாற் கேடு குறைவு என்பது உண்மையே. புகைப்பவர் ஒருவர் சிகரெற்றை முற்றாகக் கைவிட்டு இதற்கு மாறுவாராயின் அவர் சுவாசப்பைக்கு அது நன்மையாகும். ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2025ஆம் ஆண்டு சனவரியில் இருபது சிறுபைப் பண்டங்களின் விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. பெல்சியம் நாடோ 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவற்றின் விற்பனையையே தடை செய்தது. ஒன்று புகைப்பவரை நோக்கிற்று. மற்றொன்று புகையாத இளைஞரை நோக்கிற்று என்று இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளலாம். என்றும் புகைத்தறியாத பதினாறு வயது மாணவனுக்கு இச்சிறுபையால் ஒரு நன்மையும் இல்லை. இதயத் துடிப்பை மிகுவித்துக் குருதி அமுக்கத்தை உயர்த்தும் ஒரு பழக்கமே அவனுக்கு எஞ்சும். வளரும் மூளை இப்பழக்கத்திற்கு எளிதில் வயப்படும்.

விட முயல்வோரின் துன்பம் சில மணி நேரத்தில் தொடங்கும். எரிச்சல், மனச் சோர்வு, கவனக்குறைவு, பசி மிகுதி ஆகியவை முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சமடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களிற் படிப்படியாகத் தணியும். இக்கணக்கை முன்னரே அறிந்தவர் மூன்றாம் நாள் மனந்தளர மாட்டார். மறுநாள் முதல் இறக்கமே என்று துணிவார். அவருக்கு வீட்டார் கூறும் கடுஞ்சொல்லிலும் காட்டும் பொறுமை மிகவும் உதவும்.

ஆகவே, 'இது எவ்வளவு நேரம் நிற்கும்?' என்று ஓர் இளைஞன் வினவும்போது, வாயில் ஒரு மணி, குருதியிற் பல மணி, பேணியில் ஓராண்டு என்று கூறுவதோடு பெரியோர் நின்றுவிடலாகாது. பழக்கமானால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதையும், விட்டாற் சில வாரங்களிற் தணியும் என்பதையும் சேர்த்துக் கூறுவாராயின் அவனுக்கு முழு விடையும் கிடைத்ததாகும்.