சீட்டை எண்ணிய கணித ஆசிரியர்

மேற்கு மாம்பலத்துக் கலியாண மண்டபங்களில், முகூர்த்தத்திற்கு முந்திய இரவிலே பாய் விரித்து ரம்மி ஆடுவோரை நம்மிற் பலர் கண்டிருப்போம். அவருள் அடிக்கடி வெல்பவர் யாவர் எனக் கூர்ந்து நோக்கின், நல்ல சீட்டு வரப்பெற்றவர் அல்லர். எந்தச் சீட்டு இறங்கிற்று, எது இன்னும் கட்டில் எஞ்சியுள்ளது என்பதை மறவாதவரே என்பது புலனாகும். இறங்கிய சீட்டுகளை நினைவில் இருத்தும் திறம் வேண்டப்படுதலின், ரம்மி பெரும்பாலும் திறமை பற்றிய ஆட்டமே என்று நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1967ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் உரைத்துள்ளது.

சீட்டை எண்ணும் இவ்வித்தையைக் கணித நூல் முறையால் ஆராய்ந்து உலகறிய நிறுவியவர் எட்வர்ட் தார்ப் என்னும் அமெரிக்கர். அவர் வரலாற்றை ஈண்டு எழுதுவது சூதினைப் புகழ்தற்கன்று. சூதின் உள்ளே மறைந்து கிடக்கும் கணக்கினை வெளிப்படுத்தற்கேயாம்.

தார்ப் 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14ஆம் நாள் சிக்காகோ நகரிற் பிறந்தார். அஃது அமெரிக்காவில் வேலையின்மையும் வறுமையும் மலிந்திருந்த காலம். கல்வியே செல்வமெனக் கொண்டு வளர்ந்த அவர், 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் லாஸ் வேகாஸ் என்னும் சூதாட்ட நகருக்கு விடுமுறைக்குச் சென்றபோது, பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தைச் சிறு தொகை வைத்து ஆடிப் பார்த்தார். கைப்பொருள் சிறிது போயிற்று. ஆனால் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது.

அவ்வாட்டத்தின் இயல்பை நாம் முதலில் அறிதல் வேண்டும். 2 முதல் 10 வரையுள்ள சீட்டுகளுக்கு அவ்வவ்வெண்ணே மதிப்பு; ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றுக்குத் தனித்தனி 10; ஆஸ் 1 ஆகவும் 11 ஆகவும் கொள்ளப்படும். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21க்கு மேற்போகாமல் அதனை அணுகுபவன் வெல்வான். 21ஐக் கடந்தவன் அப்பொழுதே தோற்பான். சீட்டுப் போடுபவன் விடுதியின் ஆள். அவனுக்குத் தன்விருப்பம் இல்லை. 16 வரை கட்டாயமாகச் சீட்டு எடுத்தல் வேண்டும். 17 வந்தால் நிறுத்தல் வேண்டும். ஆடுபவனோ தன் விருப்பம்போல் எடுக்கலாம், நிறுத்தலாம். ஆயினும் அவன் முதலில் எடுத்து முதலில் வீழ்தலின், ஆதாயம் விடுதியின் பக்கமே சாயும்.

இங்கேதான் தார்ப் ஓர் உண்மையைக் கண்டார். தாயக்கட்டைக்கு நினைவில்லை, முன்னே பத்து முறை விழுந்தது பதினோராம் முறையைத் தாக்காது. சீட்டுக்கட்டு அத்தகையதன்று. போட்ட சீட்டுகள் ஒதுக்கி வைக்கப்படுதலின், கழிந்தவற்றை அறிந்தவன் எஞ்சியவற்றையும் அறிவான். மதிப்பு மிக்க சீட்டுகள் நிறைய எஞ்சினால், 12 முதல் 16 வரை பெற்றிருக்கும் விடுதியாள் கட்டாயமாக இன்னொன்றை எடுத்து 21ஐக் கடத்தல் எளிதாகும். அப்பொழுது ஆதாயம் ஆடுபவனுக்கு. சிறு சீட்டுகள் மிகுந்து எஞ்சினாலோ, அது விடுதிக்கு.

இதனை எண்ணும் முறையைப் பின்வந்தோர் மிக எளிதாக்கினர். 2 முதல் 6 வரையுள்ள சீட்டு ஒன்று கழிந்தால் ஒன்றைக் கூட்டுக; 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் இவற்றுள் ஒன்று கழிந்தால் ஒன்றைக் கழிக்க; 7, 8, 9 ஆகியவற்றை விட்டுவிடுக. 52 சீட்டுகளுள் முன்னவை 20, பின்னவை 20, நடுவே நிற்பவை 12. ஆதலின் கட்டு முடியும்போது கணக்குச் சுழியில் வந்து நிற்கும். இடையே எண் உயர்ந்துள்ளபோது பணயத்தைக் கூட்டுவதும், தாழ்ந்துள்ளபோது குறைப்பதுமே இவ்வித்தையின் சாரம்.

தார்ப் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது, அங்கிருந்த ஐபிஎம் 704 என்னும் கணினியைக் கொண்டு இக்கணக்குகளைச் செய்து முடித்தார். 1961ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தார் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தார். பேரறிஞர் குளாட் ஷானன் துணையால், அவர் கட்டுரை அந்நாட்டுத் தேசிய அறிவியற் கழகத்தின் வெளியீட்டிலும் இடம்பெற்றது. ‘ஏட்டுக் கணக்கு ஆட்டமேடைக்கு உதவாது’ என்று நகைத்தவரும் உளர். செல்வர் இருவர் அளித்த 10,000 டாலருடன் நெவாடா மாநிலம் சென்ற தார்ப், சில நாட்களில் ஏறத்தாழ 11,000 டாலர் ஈட்டித் தம் கணக்கை மெய்ப்பித்தார். 1962இல் எல்லாவற்றையும் நூலாக எழுதி வெளியிட்டார். மறைத்து வைத்துப் பொருள் சேர்க்க எண்ணினாரல்லர்.

விடுதியார் வாளாவிருக்கவில்லை. 1964இல் ஆட்ட விதிகளை மாற்றினர்; ஆடுவோர் வரவு குறையவே அவற்றைக் கைவிட்டனர். பின்னர்ப் பல கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தும், எண்ணுவோரை வெளியேற்றியும் தம் ஆதாயத்தைக் காத்தனர். எண்ணத் தெரிந்தவனை இவர்கள் அஞ்சினர். எண்ணாதவனை இருகை நீட்டி வரவேற்றனர். இதன் பொருளைச் சிந்திக்க.

அமெரிக்கச் சுழல்சக்கர ஆட்டத்தில் 38 குழிகள் உண்டு. சிவப்பு 18, கறுப்பு 18, பச்சை 2. சிவப்பின்மேல் முறைக்கு 100 ரூபாயாக 38 முறை வைப்பவன், சராசரியாக 18 முறை வென்று 20 முறை தோற்பான். 200 ரூபாய் போகும். ஒருநாள் வெல்லலாம், நெடுநாள் ஆடின் இழப்பது திண்ணம். இதனை ஊழ் என்று நொந்து பயனில்லை. இது வெறுங் கழித்தற் கணக்கே.

பாரதத்தில் வரும் நளன் கதையும் இதனையே உணர்த்துகின்றது. எண்ணறியாது ஆடிய நளன் நாட்டை இழந்தான். பின்னர் இருதுபன்னன் தான்றி மரமொன்றின் காய்களை ஒரு நோக்கிலே எண்ணியுரைக்கக் கேட்டு வியந்து, அவ்வெண்ணும் வித்தையை அவனிடம் கற்றபோது, கலி அவனை விட்டு நீங்கிற்று.

நம் காலத்தில் கலி கைப்பேசி வழியாக வந்தான். இணையவழி ரம்மியில் பொருளிழந்து கடன்பட்டு, உயிரையும் மாய்த்துக்கொண்ட இளைஞர் பலர் நம் தமிழ்நாட்டிலே உளர். திண்ணை ரம்மியில் ஒருவர் இழந்தது மற்றொருவர் கையிற் சேரும்; இணைய ஆட்டத்திலோ நடத்துவோர் ஆட்டந்தோறும் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டனர். திறமையுடையோர் தமக்குள் ஆடினும், மொத்தத்தில் குறைவதே முடிவு. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும், 2025இல் நாடாளுமன்றமும் இதனைத் தடுக்கச் சட்டம் இயற்றின. ஆயினும் சட்டம் வாயிற்காவல் மட்டுமே. உள்ளத்திற்குக் காவல் அறிவேயாம்.

தார்ப் தாமும் ஆட்டமேடையில் தங்கிவிடவில்லை. பல்கலைக்கழக ஆசிரியராய் நெடுநாள் பணியாற்றினார். நிகழ்தகவுக் கணக்கைப் பங்குச் சந்தைக்குப் பயன்படுத்தி, 1969இல் முதலீட்டு நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். ஆதாயம் தம் பக்கம் இருக்கும்போது அதன் அளவுக்கு ஏற்பவே பொருளை வைத்தார். அஃது இல்லாதபோது கையை மடக்கிக்கொண்டார்.

மாணவ நண்பர்களே, கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவான் என்னும் விவிலிய உவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். சீட்டை எண்ணிய இவ்வாசிரியர் வாழ்க்கையும் அதற்கோர் உரையாகவே நிற்கின்றது. எண்ணிப் பார்ப்பவன் சூதாட்ட வாயிலில் நின்று, வந்த வழியே திரும்பிவிடுவான். அவன் பெறும் வெற்றியே வெற்றி.