வளைவைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் பாருங்கள்

பிளஸ் 2 முடிவு வந்துவிட்டால் அனுமந்தன்பட்டியில் வீடு வீடாகக் கல்லூரி நோட்டீஸ் வரும். நீட்டில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு, "பயாலஜி குரூப்தானே, பி.எஸ்சி.யில சேர்த்து விடுங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். திராட்சைத் தோட்டக் கூலியில் சேர்த்த பணத்தோடு பெற்றோர் பஸ் ஏறுவார்கள். எதைக் கேட்டுச் சேர்ப்பது என்று சொல்ல, பல தலித் வீடுகளில் பட்டம் படித்தவர் இல்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

பக்கத்து உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956 முதல் இயங்குகிறது. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் கல்லூரி இருப்பது நம் பெண்பிள்ளைகளுக்குப் பெரிய பலம். சிறிய ஊர்க் கல்லூரி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆனால், எந்தக் கல்லூரியானாலும், 'நாக்' தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது. விலங்கியல் துறை எப்படி என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் ஆய்வகம். ஒரு நுண்ணோக்கியை எத்தனை பேர் பகிர்கிறார்கள்? செய்முறை வகுப்பு வாராவாரம் நடக்கிறதா, தேர்வுக்கு முந்தைய மாதம் மட்டுமா? தவளை அறுப்பதை யு.ஜி.சி. 2014-ல் நிறுத்தச் சொல்லிவிட்டது. அப்படியானால் வெளியே அழைத்துச் சென்று காட்டுகிறார்களா? ஒரு பக்கம் கம்பம் பன்னீர் திராட்சை, இன்னொரு பக்கம் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். இதைவிடப் பெரிய ஆய்வகம் எந்த நகரத்தில் இருக்கிறது? கொடியில் அடிச்சாம்பல் நோய் விழுந்தால் மருந்தடிக்கப் போவது நம் அப்பா. அந்த நோய் எப்படிப் பரவுகிறது, அந்த மருந்து உடம்பை என்ன செய்கிறது என்று மகள் சொல்ல முடிந்தால், அதுதான் படிப்பு.

அடுத்தது கட்டணம். ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். எதில் இடம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு இடஒதுக்கீட்டில் பி.சி. என்றுதான் இடம். ஆனாலும் மாநில அரசின் கல்வி உதவித்தொகைக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே பணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. சாதிச் சான்றையும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கையும் சேர்க்கைக்கு முன்பே தயார் செய்யுங்கள். உதவித்தொகை தாமதமானால் பிள்ளையைத் தேர்வு எழுத விடுவார்களா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, படித்தவர்கள் எங்கே போனார்கள்? பி.எஸ்சி. மட்டும் வேலை தந்துவிடாது. ஆசிரியராக பி.எட்., தகுதித் தேர்வு வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வைத் தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகள் எழுதலாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. இவற்றை முதல் ஆண்டிலேயே சொல்லும் ஆசிரியர் துறையில் இருக்கிறாரா? நம் தெருவிலிருந்து முன்பு சேர்ந்த பிள்ளைகள் மூன்றாண்டும் முடித்தார்களா, பாதியில் நின்றார்களா? நின்றவரையே தேடிப் போய்க் காரணம் கேளுங்கள். எந்த நோட்டீஸும் சொல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

இத்தனையும் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல கல்லூரி பதில் சொல்லும். கேட்பது சலுகையல்ல, உரிமை.