கணனி திருத்தும் தொழில்: காசு கட்டுமுன் கவனியுங்கள்



"கம்பியூட்டர் படிச்சா கொழும்புல வேலை" என்று யாரும் சொன்னால் காதுத்தோட்டை அடகு வைத்தாவது காசு கட்டிவிடுகிறோம். படிப்பது நல்லதே. ஆனால் எதை, எங்கே படிப்பது என்று அறிந்து கட்டுவோம்.

கந்தோரிலோ வங்கியிலோ கணனி நின்றுபோனால் சரிப்படுத்திக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். மின்சாரம் வருகிறதா, வயர் கழன்றிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பதறுகிறவரிடம் பொறுமையாக விசாரிப்பதும், செய்ததைக் குறித்து வைப்பதும் பாதி வேலை. தொலைபேசியில் பேசச் சிங்களமும் ஆங்கிலமும் உதவும். பெண்பிள்ளைகளுக்கும் ஏற்ற தொழில் இது.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் விசாரியுங்கள்.

2. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., 7 மட்டங்கள் கொண்டது. 4 வரை சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமன். கணனி வன்பொருள் திருத்துநராக 4ஆம் மட்டம் பெற்றவர் வேலை செய்துகொண்டே மேலே படிக்கலாம்.

3. தனியார் நிலையமா? மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. கிடைக்குமா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராவிட்டால் காசு கட்ட வேண்டாம். சுவரிலே படம் மாட்டியிருப்பது பதிவு ஆகாது.

4. ஏற்கெனவே கடையில் கணனி திருத்தப் பழகிய பிள்ளை, முன்கற்றலுக்கான அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கைவேலையைப் பரீட்சித்துச் சான்றிதழ் தருவார்கள்.

சந்தேகமிருந்தால் விண்ணப்பப் பத்திரத்தோடு நலன்புரிக் கந்தோருக்கு வாங்க. சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். கட்டிய பிறகு அல்ல, கட்டுமுன் வாங்க!